தற்காப்புத் துப்பாக்கிக்குச் சட்டப் பாதுகாப்புத் திட்டம்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

ஹூஸ்டன் புறநகரில் கேஸ் ஸ்டேஷனுடன் கூடிய சிறு கடை நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டிருந்த கேள்வியின் சுருக்கம் இது: "இரவு நேரக் கொள்ளைக்கு அஞ்சிக் கைத்துப்பாக்கி வாங்கி, மாநில அரசின் உரிமமும் பெற்றுவிட்டேன். கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். தற்காப்புக்காகச் சுட நேர்ந்தால் வழக்குச் செலவை ஏற்பதாகச் சொல்லும் திட்டங்கள் பல விற்கப்படுகின்றன. ஒன்று இருபது லட்சம் டாலர் என்கிறது, இன்னொன்று வரம்பே கிடையாது என்கிறது, மூன்றாவதன் கட்டணம் மிகக் குறைவு. எதை எடுப்பது?"

நான் வழக்கறிஞன் அல்லன். டெக்சஸில் சிறு வணிகர்களுக்கான காப்பீட்டு ஒப்பந்தங்களைப் படித்து விளக்குவது என் தொழில். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் தொகையை வைத்து இந்தத் திட்டங்களை ஒப்பிடுவதால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் செய்தது தற்காப்புதானா என்பதை முடிவு செய்வது யார், எந்தக் கட்டத்தில் முடிவு செய்வார்கள், அந்த முடிவு உங்களுக்கு எதிராகப் போனால் அதுவரை செலவழித்த பணத்தை யார் சுமப்பது ஆகிய மூன்றுக்கும் ஒப்பந்தம் என்ன விடை சொல்கிறது என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது.

முதலில் டெக்சஸில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். இங்கே தற்காப்புக்கான சட்டம் தண்டனைச் சட்டத்தின் 9ஆம் அத்தியாயத்தில், குறிப்பாக 9.31, 9.32 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. சட்டம் சுடுபவருக்குச் சாதகமானது என்று கடைக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் ஃபுளோரிடாவில் இருப்பதைப் போல, விசாரணைக்கு முன்பே நீதிபதியிடம் சென்று சட்டவிலக்குக் கேட்டு வழக்கை முடித்துக்கொள்ளும் தனி நடைமுறை டெக்சஸில் இல்லை. காவல்துறை கோப்பை அரசு வழக்கறிஞரிடம் கொடுக்கும். அது, ஒருவர் மேல் குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும், பன்னிரண்டு குடிமக்கள் கொண்ட கிராண்ட் ஜூரிக்குப் போகும். அவர்களில் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டு பதிவாகிவிடும். தற்காப்பு வழக்கில் "நான் சுடவில்லை" என்ற வாதத்துக்கே இடமில்லை. சுட்டதை ஒப்புக்கொண்டு, அந்த நொடியில் அப்படிச் செய்தது நியாயமானதே என்று காட்டியாக வேண்டும். ஆகவே கண்காணிப்புக் கேமராப் பதிவை நொடி நொடியாக விளக்கும் வல்லுநர், தனியார் புலனாய்வாளர், மருத்துவ வல்லுநர் என்று வழக்கறிஞர் கட்டணத்துக்கு வெளியே ஒரு செலவு வரிசை தொடங்குகிறது. கொலைக் குற்றச்சாட்டு ஜூரி விசாரணை வரை போனால் மொத்தச் செலவு ஆறு இலக்கத்தைத் தொடுவது அரிதல்ல. "வழக்கறிஞர் கட்டணத்துக்கு வரம்பில்லை" என்று சொல்லும் திட்டத்தைப் பார்த்தால், வல்லுநர்களுக்கான செலவும் அந்த வரம்பின்மைக்குள் அடங்குகிறதா, அல்லது அதற்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது சிவில் வழக்கு. டெக்சஸின் சிவில் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 83ஆம் அத்தியாயம், 9ஆம் அத்தியாயத்தின்படி நியாயமான முறையில் பலத்தைப் பயன்படுத்தியவருக்கு இழப்பீட்டு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. இதைச் சொல்லிவிட்டு, "ஆகவே இழப்பீட்டுக்கான காப்பீடு இங்கே தேவையில்லை" என்று சில முகவர்கள் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது 9.05ஆம் பிரிவை. தாக்க வந்தவர் மீது நீங்கள் சுட்டது நியாயமாகவே இருந்தாலும், அக்கறையின்றிச் சுட்டதால் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளுக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால், அந்த ஆள் தொடர்பான குற்ற வழக்கில் தற்காப்பு என்ற வாதம் உங்களுக்குக் கிடைக்காது. 83ஆம் அத்தியாயத்தின் பாதுகாப்பு 9ஆம் அத்தியாயத்தையே சார்ந்திருப்பதால், அந்த ஆள் போடும் இழப்பீட்டு வழக்கில் அதுவும் கேள்விக்குரியதாகலாம். கடை என்பது வாடிக்கையாளர்கள் நிற்கும் இடம். கல்லாவுக்கு எதிரே நிற்கும் கொள்ளையனுக்குப் பின்னால் குளிர்பானப் பெட்டியருகே ஒரு தாயும் குழந்தையும் நிற்கக்கூடும். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பம்ப்பில் வண்டிகள் நிற்கும். வீட்டில் தனியாக இருப்பவரைவிடக் கடைக்காரருக்கு இழப்பீட்டு ஆபத்து பல மடங்கு அதிகம் என்பதற்கு இதுவே காரணம்.

குற்ற வழக்கும் சிவில் வழக்கும் எவ்வளவு வேறானவை என்பதற்கு நியூயார்க்கின் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் வழக்கைவிடத் தெளிவான சான்று இல்லை. 1984இல் சுரங்க ரயிலில் நான்கு இளைஞர்களைச் சுட்ட அவரை, 1987இல் ஜூரி கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் தண்டித்தது. ஆனால் 1996இல் வேறொரு ஜூரி, உடல் செயலிழந்துபோன இளைஞருக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கெட்ஸ் திவால் மனு போட்டார். இன்று விற்கப்படும் எந்தத் திட்டம் அன்று அவரிடம் இருந்திருந்தாலும், சட்டவிரோதமாக வைத்திருந்த துப்பாக்கி என்ற ஒரே காரணத்தால் அது கைவிரித்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

சந்தையில் இருப்பவை அனைத்தும் ஒரே வகை அல்ல. யூஎஸ்சிசிஏ என்ற அமைப்பு 2003இல் விஸ்கான்சினில் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினருக்குக் கிடைப்பது, அமைப்பின் பெயரில் எடுக்கப்பட்ட பாலிசியின் கீழ்க் காப்பீடு பெறுபவர் என்ற தகுதி. இது முழுமையான காப்பீடு என்பதால் இழப்பீட்டுத் தொகையையும் ஏற்க முடிகிறது. காப்பீட்டுக்கே உரிய விலக்குகளும் கூடவே வருகின்றன. ஹூஸ்டனில் 2009இல் தொடங்கிய யூஎஸ் லா ஷீல்டு காப்பீடு அல்ல. முன்கூட்டியே கட்டணம் செலுத்திப் பெறும் சட்டச் சேவை. குற்ற வழக்கு, சிவில் வழக்கு இரண்டிலும் வழக்கறிஞர் கட்டணத்தை ஏற்கும். இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தால் அந்தத் தொகையைக் கட்டாது. ஜாமீன் உதவியைத் தனிக் கட்டணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓக்லஹோமாவின் சிசிடபிள்யூ சேஃப் உறுப்பினர் சேவை என்ற வகையில் வருவது. வாஷிங்டன் மாநிலத்தில் 2008இல் தொடங்கிய ஆர்ம்டு சிட்டிசன்ஸ் லீகல் டிஃபென்ஸ் நெட்வொர்க், உறுப்பினர் கட்டணத்தின் ஒரு பகுதியை நிதியாகச் சேர்த்து, வழக்கு வரும்போது வழக்கறிஞருக்கு முன்பணமும் பின்னர்த் தேவைக்கேற்ப மேலும் உதவியும் தரும் ஏற்பாடு, இழப்பீடு தராது. அரிசோனாவில் அட்டர்னிஸ் ஆன் ரீடெய்னர் என்பது ஒரு வழக்கறிஞர் நிறுவனமே நேரடியாக நடத்துவது.

இந்த வகைப் பிரிவுக்குப் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. வேண்டுமென்றே செய்த தீங்குக்குக் காப்பீடு செல்லாது என்பது அமெரிக்கக் காப்பீட்டுச் சட்டத்தின் பழைய கொள்கை. கலிபோர்னியாவின் காப்பீட்டுச் சட்டத்தில் 533ஆம் பிரிவாக அது எழுத்திலேயே இருக்கிறது. தற்காப்புக்காகச் சுடுவதும் வேண்டுமென்றே செய்யும் செயல்தான் என்பதால், இந்தத் தொழில் முழுவதும் ஒரு மெல்லிய கோட்டின் மேல் நடக்கிறது. துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் என்ஆர்ஏ அமைப்பு 2017இல் கேரி கார்டு என்ற பெயரில் ஒரு காப்பீட்டுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியபோது, நியூயார்க் நிதிச் சேவைகள் துறை அது மாநிலச் சட்டத்துக்கு எதிரானது என்று கூறியது. 2018இல் திட்டத்தை நிர்வகித்த லாக்டன் நிறுவனம் 70 லட்சம் டாலரும், காப்பீடு வழங்கிய சப் நிறுவனம் 13 லட்சம் டாலரும் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன; 2020இல் என்ஆர்ஏவும் 25 லட்சம் டாலர் கட்டியது. திட்டமும் நின்றுபோனது. காப்பீடு என்ற பெயரைத் தவிர்த்துச் சேவை, உறுப்பினர் சலுகை என்ற வடிவங்களைப் பலர் நாடுவதற்கு இத்தகைய சட்டச் சிக்கலும் ஒரு காரணம். நியூயார்க், நியூஜெர்சி, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் பல திட்டங்கள் விற்கப்படாததற்கும் இதுவே பின்னணி. நீங்கள் டெக்சஸில் இருந்தாலும், அங்கே பயணம் போகும் பழக்கம் இருந்தால் இது உங்களைத் தொடும்.

வடிவம் எதுவானாலும் ஒப்பந்தத்தின் மையம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் வரும் குற்றச் செயல் பற்றிய பத்தி. அதை மெதுவாகப் படியுங்கள். "காப்பீடு பெறுபவர் செய்த குற்றச் செயலால் எழும் எதற்கும் இந்த ஒப்பந்தம் பொருந்தாது" என்று வாக்கியம் முடிந்துவிட்டால் கவலைப்பட வேண்டும். ஏனெனில் உங்கள் மேல் சாட்டப்பட்டிருப்பதே ஒரு குற்றம்தான். "இறுதித் தீர்ப்பில் குற்றம் நிரூபிக்கப்பட்டால்" என்ற நிபந்தனை சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. தீர்ப்பு வரும்வரை பணம் ஓடும். "நிறுவனத்தின் நியாயமான கருத்தில்" என்பது போன்ற சொற்றொடர் இருந்தால், ஜூரி முடிவெடுப்பதற்கு முன்பே நிறுவனத்தின் கோப்பு அதிகாரி ஒருவர் உங்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறார் என்றே பொருள். லூசியானாவில் 2018இல் பிரிந்து வாழ்ந்த கணவரைச் சுட்ட ஒரு பெண்ணுக்கு, விசாரணை முடிவதற்கு முன்பே அவருடைய திட்டம் பணம் தர மறுத்தது; அவர் நிறுவனத்தின் மேல் தனியாக வழக்குத் தொடுத்தார். 2022இல் ஜூரி அவரைக் கொலைக் குற்றவாளி என்று முடிவு செய்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை. ஆனால் பணம் தேவைப்பட்டது ஜூரி முடிவெடுப்பதற்கு முன்பு என்பதையும், அந்தக் காலத்தில் முடிவு வேறொருவர் கையில் இருந்தது என்பதையும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் புரிந்துகொள்ள வேண்டும்.

இதோடு சேர்ந்து வருவது திரும்பப் பெறும் உரிமை. குற்றம் நிரூபிக்கப்பட்டால், அல்லது நீங்களே குற்றத்தை ஒப்புக்கொண்டால், அதுவரை செலவிட்ட தொகையை உங்களிடமிருந்து வசூலிக்கலாம் என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன. பெரும்பாலான குற்ற வழக்குகள் ஜூரி வரை போகாமல், அரசு வழக்கறிஞருடன் பேசிக் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் முடிகின்றன என்பதை நினைத்தால் இந்தப் பத்தியின் கனம் புரியும். கொலைக் குற்றச்சாட்டைச் சிறு குற்றமாகக் குறைத்து ஒப்புக்கொள்ளச் சொல்லும் பேரம் உங்களுக்கு மிக நல்லதாக இருக்கலாம். ஆனால் கையெழுத்திட்ட மறுநாள் நிறுவனத்தின் பில் வரும் என்றால், அந்த முடிவை நீங்கள் சுதந்திரமாக எடுக்க முடியாது. மது அருந்தியிருந்த நிலை, வீட்டில் உடன் வசிப்பவர் மீது பலத்தைப் பயன்படுத்துதல், துப்பாக்கி கொண்டுபோகத் தடையுள்ள இடம் ஆகியவை பற்றிய விலக்குகளையும் பாருங்கள். டெக்சஸில் வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையால் பெறும் மதுக்கூடங்களில் சிவப்பு நிறத்தில் 51 விழுக்காடு என்ற அறிவிப்பு தொங்கும்; அங்கே உரிமம் இருந்தாலும் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை.

வழக்கறிஞரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குத் தெளிவான சாய்வு உண்டு. நிறுவனத்தின் பட்டியலிலுள்ள வழக்கறிஞர் திறமையற்றவர் என்று சொல்லவில்லை. அந்தப் பட்டியல்களில் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) கொலை வழக்குகளை ஜூரி முன் நடத்திய அனுபவமுள்ளவர் வேண்டும். உயில் எழுதுவதையும் போக்குவரத்து வழக்கையும் முதன்மையாகக் கொண்ட ஒருவர், அருகில் இருக்கிறார் என்பதற்காக வரக்கூடாது. உங்கள் கவுண்டிக்கு இன்று யாரை அனுப்புவார்கள், அவர் எத்தனை கொலை வழக்குகளை ஜூரி முன் நடத்தியிருக்கிறார் என்று சேரும் முன்பே கேளுங்கள். சொல்ல மறுத்தால் அதுவும் ஒரு விடைதான்.

ஜாமீன் பற்றிய எண்கள் பலரைக் குழப்புகின்றன. டெக்சஸில் ஜாமீன் பத்திரம் எழுதித் தரும் தனியார் நிறுவனங்கள் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்குகின்றன; அந்தப் பணம் திரும்பி வராது. ஆகவே 2,50,000 டாலர் ஜாமீன் என்றால் கையிலிருந்து போவது 25,000 டாலர் அளவு. திட்டத்தில் எழுதியிருக்கும் தொகை ஜாமீனின் முழு மதிப்பா, அல்லது இந்தக் கட்டணத்துக்கான உச்சவரம்பா என்று பாருங்கள். இரண்டுக்கும் பத்து மடங்கு வேறுபாடு. விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்களில் இத்தகைய தனியார் ஜாமீன் நிறுவனங்களுக்கே தடை. 2020இல் அம்மாநிலத்தின் கெனோஷாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கைல் ரிட்டன்ஹவுஸுக்கு நிர்ணயித்த 20 லட்சம் டாலர் ஜாமீன் நன்கொடைகள் திரட்டி முழுப் பணமாகவே கட்டப்பட்டது. 2021 நவம்பரில் ஜூரி அவரை விடுவித்தது.

இனி உங்கள் கடைக்கு வருவோம். நான் பார்க்கும் கடைக்காரர்களில் பலர், கடையில் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமாக ஏற்கெனவே எடுத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இதை ஏற்கும் என்று நம்புகிறார்கள். தரப்படுத்தப்பட்ட படிவத்தில், எதிர்பார்த்தோ வேண்டுமென்றோ விளைவித்த காயத்துக்குக் காப்பீடு இல்லை என்ற விலக்கு இருக்கிறது. ஆனால் ஆளையோ சொத்தையோ காக்க நியாயமான பலத்தைப் பயன்படுத்தியதால் விளைந்த உடற்காயத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அடுத்த வாக்கியமே சொல்கிறது. நல்ல வாக்கியம். சிக்கல் என்னவென்றால், இரவு முழுதும் திறந்திருக்கும் கடைகளுக்கு எழுதப்படும் பாலிசிகளில் இணைப்புப் பக்கங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். முதல் பக்கத்துக்குப் பின் வரும் படிவப் பட்டியலில், தாக்குதல் மற்றும் வன்செயல் விலக்கு, துப்பாக்கி விலக்கு என்ற தலைப்புகளில் ஏதாவது இருந்தால் அந்த நல்ல வாக்கியம் செத்துவிட்டது. உங்கள் பாலிசியை இன்றே எடுத்து அந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். இருந்தால், கூடுதல் பிரீமியம் கட்டி அதை நீக்க முடியுமா, அல்லது குறைந்த தொகைக்காவது மீட்டுத் தர முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள். வீட்டுக் காப்பீட்டை இதற்கு நம்ப வேண்டாம். வணிகத்தால் எழும் பொறுப்பை அது ஏற்காது. கடைக்கோ வீட்டுக்கோ எடுக்கும் இந்த வழக்கமான காப்பீடுகள் குற்ற வழக்கில் உங்களுக்கு வழக்கறிஞர் வைத்துத் தராது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கடைக்குள் இன்னொரு பெரிய ஆபத்து இருக்கிறது. நம் மக்கள் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள். கூட்டரசுச் சட்டத்தின் 18ஆம் தொகுப்பு 922ஆம் பிரிவின்படி, எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு உள்ள உங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மாலையில் கல்லாவில் நிற்பவர் மாணவர் விசாவில் இருக்கும் உறவினரின் மகன் என்றால், கல்லாவுக்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போவது அவரையும் உங்களையும் சேர்த்தே குற்றத்துக்குள் தள்ளக்கூடும். எந்தத் திட்டமும் இதைக் காப்பாற்றாது. துப்பாக்கி உங்கள் இடுப்பில் இருக்கட்டும், அல்லது நீங்கள் மட்டும் திறக்கக்கூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். உறுப்பினர் திட்டங்கள் பொதுவாக உறுப்பினரை மட்டுமே காக்கும், ஊழியரை அல்ல என்பதும் இங்கே பொருந்தும்.

கிரீன் கார்டு பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும்; உங்கள் கேள்வியில் எனக்கு மிக அதிகக் கவலை தந்தது அதுதான். துப்பாக்கிச் சட்டத்தை மீறிய குற்றத்துக்கான தண்டனையே நாடு கடத்துவதற்குப் போதுமான காரணமாகக் குடியேற்றச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. டெக்சஸில் வழக்குகளை முடிக்க அடிக்கடி பயன்படும் ஒரு வழி, குற்றத்தை ஒப்புக்கொண்டு சில ஆண்டுகள் கண்காணிப்பில் இருந்தால் தண்டனை பதிவாகாமலே வழக்கு முடிந்துவிடும் என்ற ஒத்திவைப்பு ஏற்பாடு. மாநிலச் சட்டத்தில் அது தண்டனை இல்லை. குடியேற்றச் சட்டத்தின் பார்வையில் அதுவும் தண்டனைதான். குடிமகனுக்கு நிம்மதி தரும் அதே பேரம், உங்களை நீதிமன்ற வாசலிலிருந்து குடியேற்றத் தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோகலாம். நாடு கடத்தப்படும் ஆபத்தைப் பற்றிக் கட்சிக்காரரை எச்சரிப்பது குற்ற வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எச்சரிப்பது வேறு, குடியேற்ற வழக்கை நடத்துவது வேறு. குடியேற்ற வழக்கறிஞரின் ஆலோசனைக் கட்டணத்தைத் திட்டம் ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்காது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அப்படியானால் அதற்கென்று தனியே ஒரு தொகையை ஒதுக்கி, இப்போதே ஒரு குடியேற்ற வழக்கறிஞரின் எண்ணை எடுத்து வையுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்துவிட்டதென்றால் தள்ளிப்போட வேண்டாம்.

திட்டத்தின் அவசர எண்ணை அழைப்பதிலும் கவனம் வேண்டும். முதலில் 911, ஆம்புலன்ஸும் காவல்துறையும் வர வேண்டும். பிறகு திட்டத்தின் எண். அந்த எண்ணில் முதலில் எடுப்பவர் வழக்கறிஞரா, அழைப்பு மையப் பணியாளரா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கறிஞரிடம் அல்லாமல் வேறு யாரிடமும் நடந்ததை விவரிக்கக் கூடாது. காவல்துறையிடம் வெறுமனே மௌனமாக இருப்பதும் போதாது. ஹூஸ்டனில் எழுந்த சாலினாஸ் வழக்கில், கைதுக்கு முன் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒருவர் பேசாமல் இருந்ததை அவருக்கு எதிராகவே அரசு பயன்படுத்தியது. மௌன உரிமையை வாய்விட்டுக் கோரியிருக்க வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. "நான் மௌன உரிமையைக் கோருகிறேன், என் வழக்கறிஞர் வந்த பிறகு பேசுகிறேன்" என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். சிறையிலிருந்து வீட்டுக்குச் செய்யும் அழைப்புகள் பதிவாகின்றன. தமிழில் பேசினால் புரியாது என்று நினைக்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

இவை அனைத்தையும் வைத்துப் பார்த்தால், உங்கள் நிலையில் நான் இந்த வரிசையில் செய்வேன். கடையின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டிலுள்ள விலக்கை முதலில் சரிசெய்வேன். வாடிக்கையாளருக்கு நேரக்கூடிய காயத்துக்கான பணம் அங்கிருந்துதான் வர முடியும். அது முடிந்தால், குற்ற வழக்குச் செலவை வரம்பின்றி ஏற்று, இறுதித் தீர்ப்புக்கு முன் நிறுத்தாத, திரும்பக் கேட்காத ஒரு சேவைத் திட்டத்தை எடுப்பேன். கடையின் காப்பீட்டை எந்த வகையிலும் சரிசெய்ய முடியவில்லை என்றால் மட்டும், இழப்பீட்டையும் ஏற்கும் காப்பீட்டு வகைத் திட்டத்தை, அதன் குற்றச் செயல் விலக்கின் சொற்களைப் படித்த பிறகு, விரும்புவேன். சொந்தக் கடையில் வணிக நேரத்தில் நடக்கும் சம்பவத்துக்கும் திட்டம் பொருந்துமா என்பதற்கு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொல்வது நிற்காது. இந்த நிறுவனங்கள் விதிகளை அடிக்கடி மாற்றுகின்றன, சம்பவம் நடந்த நாளில் நடப்பிலிருந்த ஒப்பந்தமே பொருந்தும் என்பதால், புதுப்பிக்கும்போதெல்லாம் முழு ஒப்பந்தத்தையும் தரவிறக்கி உங்கள் மனைவியிடம் ஒரு படி கொடுத்துவையுங்கள். உறுப்பினர் எண், அவசர எண், குடியேற்ற வழக்கறிஞரின் எண் ஆகியவை அவருடைய கைபேசியிலும் இருக்க வேண்டும். அந்த இரவில் உங்கள் கைபேசி காவல்துறையிடம் இருக்கும், அழைக்கப் போவது அவர்தான்.